கூறுக்கு மூன்று, கூறுக்கு நாலு

உங்களிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். உடனே பத்திரிகையை மூடி வைத்துவிடாதீர்கள்! கணக்குத்தான்; ஆனால் கடித்துவிடாது.

ஆறேழு எத்தனை?

"இது ஒரு கேள்வியா? நாற்பத்திரண்டு!" என்கிறீர்கள். ரொம்ப சரி. கேள்வி முடிந்தது, விடை வந்துவிட்டது. நீங்கள் அடுப்பைப் பார்க்கப் போகலாம்.

சற்றுப் பொறுங்கள். அதே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். நாற்பத்திரண்டு எந்தெந்த வாய்ப்பாட்டில் வரும்?

"ஆறாம் வாய்ப்பாட்டில் வரும், ஏழாம் வாய்ப்பாட்டில் வரும்..." என்று ஆரம்பிக்கிறீர்கள். "அடடே, இரண்டிலும் வருமே! மூன்றில்? வரும். பதினாலில் கூட வருகிறதே!" கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறீர்கள். குழம்பு பொங்கினால் பழி என் மேல் வேண்டாம்!

முதல் கேள்வி உங்கள் ஞாபக சக்தியைப் பரீட்சை பார்த்தது. இரண்டாவது கேள்வி உங்களை யோசிக்க வைத்தது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள, முப்பத்து மூன்று வருஷம் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்த எனக்கு, ஒரு பெரிய தப்புச் செய்ய வேண்டியிருந்தது. அந்தத் தப்பைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

என் பேத்தி ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் ஆபீஸிலிருந்து திரும்ப ராத்திரி எட்டு மணி ஆகும். அதுவரை அவளுக்கு நான்தான் துணை. எனக்கு அவள்தான் துணை. ஏழாம் வாய்ப்பாட்டை "செவன் ஒன்ஸார் செவன்" என்று இங்கிலீஷில் ராகம் போட்டுப் பாடுவாள் பாருங்கள், கேட்க ஆனந்தமாக இருக்கும். ஆனால் நடுவில் நிறுத்தி, "ஏழெட்டு எத்தனையடி?" என்று கேட்டுவிட்டால் போயிற்று! மறுபடியும் ஓரேழிலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு படியாக ஏறி வந்தால்தான் ஐம்பத்தாறு கிடைக்கும். பாட்டை நடுவில் நிறுத்தினால் பல்லவியிலிருந்து தொடங்குகிற பாகவதர் மாதிரி!

ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்ததும் புத்தகப் பையைக் கூடத்தில் போட்டாள். முகம் வாடியிருந்தது. என்னவென்று கேட்டேன். "பாட்டி, எனக்குக் கணக்கு வராது" என்றாள்.

அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. அழவில்லை. "எனக்குப் பாகற்காய் பிடிக்காது" என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். பத்து வயதில் ஒரு குழந்தை தன்னைப் பற்றி அப்படித் தீர்மானம் செய்துகொண்டால், அதைப் பிறகு யார் மாற்றுவது? எனக்குப் பகீரென்றது.

"மல்டிபிள்னா என்ன பாட்டி? டீச்சர் மூணு தடவை சொன்னாங்க. புரியலை."

மல்டிபிள் என்றால் நம் பழைய மடங்குதான். மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்று மூன்றாம் வாய்ப்பாட்டில் வருகிற எண்களெல்லாம் மூன்றின் மடங்குகள். இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். ஆனால் நான்காவது தடவையும் அதையே சொல்லி என்ன பிரயோஜனம்? அலமாரியிலிருந்து பழைய பல்லாங்குழிச் சோழிகளை எடுத்து வந்து தரையில் கொட்டினேன்.

"இதெல்லாம் கொய்யாப் பழம். நீ பழக்காரி. கூறுக்கு மூன்று மூன்றாக வைத்தாலும் மீதி இல்லை. கூறுக்கு நாலு நாலாக வைத்தாலும் மீதி இல்லை. அப்படியானால் உன் கூடையில் எத்தனை பழம் இருந்திருக்கும்?"

இந்தக் கணக்கு எனக்கு நாற்பது வருஷத்துக்கு மேலாக மறக்கவில்லை. ஏன் மறக்கவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பேத்தி சோழிகளை அடுக்கிப் பார்த்தாள். கலைத்தாள். மறுபடியும் அடுக்கினாள். கடைசியில், "பன்னெண்டு!" என்றாள்.

"சரி. வேறு ஏதாவது உண்டா?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். ஒரு விடை சரி என்று ஆனபிறகு வேறு விடை கேட்கிற ஆசாமியை அவள் அதுவரை பார்த்ததில்லை!

"பதினெட்டு?" என்றாள், சந்தேகத்தோடு.

"தப்பு" என்று சொல்லவில்லை. "வைத்துத்தான் பாரேன்" என்றேன். மூன்று மூன்றாக வைத்தாள்; ஆறு கூறு, சரியாக வந்தது. நாலு நாலாக வைத்தாள். நாலு கூறு போக இரண்டு சோழி மிஞ்சி நின்றது. "ஊஹும்" என்று தானே கலைத்துவிட்டாள். தப்பை நான் சொல்லவில்லை, சோழி சொல்லிவிட்டது! சோழி சொன்னால் யாருக்கும் கோபம் வருவதில்லை.

பிறகு இருபத்துநாலு வந்தது. அப்புறம் முப்பத்தாறு. சோழிகளைத் தள்ளி வைத்துவிட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். "நாற்பத்தெட்டு, அறுபது, எழுபத்திரண்டு... பாட்டி! இது பன்னெண்டாம் வாய்ப்பாடு! இதுக்கு முடிவே இல்லை பாட்டி!" என்று துள்ளினாள். 'கணக்கு வராது' என்ற பெண் சொன்ன வார்த்தை இது!

அதோடு விட்டாளா? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கண்ணில் குறும்பு கொப்பளிக்க, "கூடையில் ஒண்ணுமே இல்லேன்னா? அப்பவும் மீதி இல்லையே!" என்றாள்.

'அதிகப்பிரசங்கி!' என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சட்டென்று வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால், இதே கணக்குக்காக, இதே சொல்லை, வேறொரு பெண்ணிடம் நான் முன்பு ஒரு முறை சொல்லியிருக்கிறேன். மேலும், பேத்தி சொன்னது சரியான விடை. பூஜ்யம் எல்லா எண்களுக்கும் மடங்குதான். மூன்று பூஜ்யம் பூஜ்யம், நாலு பூஜ்யம் பூஜ்யம்; மீதி ஏது?

*

அது 1983-ம் வருஷம். நான் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம்!

ஐந்தாம் வகுப்பு முழு ஆண்டுப் பரீட்சைக்குக் கணக்குக் கேள்வித்தாளை நான்தான் தயாரித்தேன். அதில் ஒரு கேள்வி: 'ஒரு பழக்காரி தன் கூடையிலுள்ள கொய்யாப் பழங்களை மும்மூன்றாகக் கூறு கட்டினாலும் மீதி இல்லை, நந்நான்காகக் கூறு கட்டினாலும் மீதி இல்லை. கூடையில் இருந்த பழங்கள் எத்தனை?' ஐந்து மார்க்.

'குறைந்த பட்சம் எத்தனை?' என்று கேட்டிருக்க வேண்டும். அந்த வார்த்தையை எழுத மறந்துவிட்டேன். மறந்ததுகூட எனக்குத் தெரியாது. மீச்சிறு பொது மடங்கு என்ற பாடத்திலிருந்து எடுத்த கணக்கு, விடை பன்னிரண்டு, அவ்வளவுதான் என் மனத்தில் இருந்தது.

வகுப்பில் எல்லோரும் பன்னிரண்டு என்று எழுதினார்கள், அல்லது எதையோ எழுதினார்கள். ஒரு பெண் மட்டும் முப்பத்தாறு என்று எழுதியிருந்தாள். சிவப்பு மசியால் ஒரு கோடு கிழித்தேன்.

விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, அவள் மேஜை அருகே வந்து நின்றாள். எண்ணெய் காணாத தலை. இரண்டு இடத்தில் தைத்த பாவாடை. வகுப்பில் வாயே திறக்காத பெண். அன்று எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ!

"டீச்சர், முப்பத்தாறும் சரியா வருதே டீச்சர். எங்கம்மா மூணு டஜன் எண்ணித்தான் கூடையில போடும். காலையில மூணு மூணா கூறு வைக்கும். விக்காம வெயில் ஏறிடுச்சுன்னா, அதே காசுக்கு நாலு நாலா வைக்கும். பன்னெண்டு பழத்தை வச்சுக்கிட்டு எங்கம்மா கடைத்தெருவுக்கே போகாது டீச்சர்."

நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது அவளைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்று எனக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்துத்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அதிகப்பிரசங்கி! போய் உட்கார்!" என்றேன்.

போய் உட்கார்ந்தாள். அப்புறம் அவள் வாய் திறக்கவே இல்லை.

அவள் வாங்கிய மார்க் 31. தேற வேண்டியது 35. அந்த ஐந்து மார்க்கைப் போட்டிருந்தால் தேறியிருப்பாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் வரவில்லை. தாயாரோடு கூடை தூக்கிக்கொண்டு போவதாகப் பிள்ளைகள் சொன்னார்கள்.

அந்த ஐந்து மார்க்கினால்தான் அவள் படிப்பு நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஏழை வீட்டில் பெண் குழந்தையின் படிப்பு நிற்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் அந்த ஆயிரத்தில் என் சிவப்புப் பேனாவும் ஒன்றல்லவா?

எப்பொழுது என் தப்பு எனக்கு உறைத்தது, தெரியுமா? அந்த ஜூன் மாதத்திலேயே ஒரு மத்தியானம், கடைத்தெருவில் கொய்யாப் பழம் வாங்கக் குனிந்தேன். சாக்கின்மேல் நாலு நாலாகக் கூறு வைத்திருந்தது. "காலையில் மூன்றுதானே வைத்திருந்தாய்?" என்று என்னை அறியாமல் கேட்டேன். "வெயில் ஏறிடுச்சேம்மா!" என்றாள் அந்தப் பழக்காரி. பழம் வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று இரவு சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். குடிசையைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள்.

*

நான் தப்பாக எழுதிய அந்தக் கேள்விதான், என் ஆயுளில் நான் எழுதிய கேள்விகளிலேயே மிக நல்ல கேள்வி என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. 'குறைந்த பட்சம்' என்ற இரண்டு வார்த்தை இருந்திருந்தால் அதற்கு ஒரே விடை. இல்லாததனால் அதற்கு எண்ணற்ற விடைகள். ஒரே விடையுள்ள கேள்வி, பூட்டின வீடு மாதிரி. சாவி வைத்திருப்பவன் மட்டுமே உள்ளே போகலாம். பல விடையுள்ள கேள்வியோ கதவு திறந்த வீடு. கெட்டிக்காரக் குழந்தையும் நுழையலாம். தயங்குகிற குழந்தையும் ஒரு பன்னிரண்டைப் பிடித்துக்கொண்டு நுழையலாம்.

ஜப்பான் தேசத்தில் இந்த முறையை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்திருக்கிறார்கள். ஷிகேரு ஷிமாடா என்பவரும் அவருடைய சகாக்களும் 1970-களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல விடையுள்ள கணக்குகளைக் கொடுத்துப் பார்த்து, 1977-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்கள். 1997-ல் அது இங்கிலீஷிலும் வந்தது. பிள்ளைகள் கண்டுபிடித்த வெவ்வேறு விடைகளையும் வழிகளையும் வகுப்பின் முன் வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அதிலிருந்தே பாடத்தை எடுப்பது அவர்கள் வழக்கம். நம் தேசத்திலும் 2005-ல் வெளியான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, குழந்தையின் சிந்தனையையே கணித முறையில் பழக்குவதுதான் கணக்குப் பாடத்தின் முக்கிய நோக்கம் என்று சொல்லியிருக்கிறது. ஜப்பான்காரர்களைப் போலவே கூடைக்காரியின் மகள் ஒருத்தியும் என் மேஜை அருகே வந்து நின்று அதைச் சொன்னாள். எனக்குத்தான் காது கேட்கவில்லை.

அந்த முப்பத்தாறின் பெருமையையும் கேளுங்கள். முப்பத்தாறு பழத்தை இரண்டிரண்டாக வைக்கலாம். மூன்று, நாலு, ஆறு, ஒன்பது என்று எப்படி வைத்தாலும் மீதி இராது. அதற்கு முன்னால் உள்ள எந்த எண்ணையும் இத்தனை விதமாகப் பங்கிட முடியாது. இப்படித் தனக்குக் கீழேயுள்ள எல்லா எண்களையும்விட அதிக விதமாகப் பங்கிடக்கூடிய எண்களைப் பற்றி நம் கும்பகோணத்து ராமானுஜன் 1915-ல் ஒரு நீண்ட ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். 12, 24, 36, 48, 60 எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வாழைப்பழத்தை டஜன் கணக்கில் விற்பதிலும் இந்த சௌகரியம் உண்டு. பத்துப் பழத்தை மூன்று குழந்தைகளுக்குப் பங்கிட்டுப் பாருங்கள், வீட்டில் சண்டை வரும். பன்னிரண்டு என்றால் வராது!

எங்கள் கூடத்தில் சஷ்டியப்த பூர்த்திப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. "அறுபதுக்கு மட்டும் ஏன் பாட்டி மறுபடியும் கல்யாணம்?" என்று பேத்தி கேட்டாள். குரு ராசி மண்டலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறக்குறைய 12 வருஷம். சனிக்கு ஏறக்குறைய 30 வருஷம். "இருவரும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டால், மறுபடியும் அதே இடத்தில் எப்பொழுது சேருவார்கள்?" என்று கேட்டேன். சோழியைத் தொடாமலே விடை வந்தது: "அறுபது! குரு அஞ்சு சுத்து, சனி ரெண்டு சுத்து!" பிரபவ முதல் அட்சய வரை வருஷங்கள் அறுபதாக இருப்பதைச் சொன்னேன். "அதுக்கப்புறம் நூத்திருபதில் சேருவாங்க. அப்ப தாத்தாவுக்கு இன்னொரு கல்யாணமா?" என்றாள். தாத்தா செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார்!

*

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் இதைச் செய்து பார்க்கலாம். தனியாக டியூஷன் வேண்டாம். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அது கட்டாயம் வேண்டும். அரிசி இல்லாமல் சாதம் வடிக்க முடியுமா? ஆனால் அரிசியை மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதே சாப்பாடு ஆகிவிடாது.

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். "நாலாறு எத்தனை?" என்பதற்குப் பதிலாக, "இருபத்துநாலு முறுக்கு இருக்கிறது. எல்லாத் தட்டிலும் சமமாக வைக்க வேண்டும். எத்தனை தட்டு எடுக்கலாம்?" என்று கேளுங்கள். "ஐந்தாம் வாய்ப்பாட்டில் வரும், இரண்டாம் வாய்ப்பாட்டில் வராது, அது என்ன எண்?" என்று கேளுங்கள். ஐந்து, பதினைந்து, இருபத்தைந்து என்று அடுக்கிக்கொண்டே போகும் குழந்தை, எல்லாம் ஐந்தில் முடிகின்றன என்பதைத் தானே கண்டுபிடிக்கும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். அந்தச் சந்தோஷம் குழந்தையின் சொத்து.

விடை வந்ததும் மூன்று வார்த்தை கேளுங்கள்: "எப்படிக் கண்டுபிடித்தாய்?" "வேறு உண்டா?" "எல்லாம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?" மூன்றாவது கேள்விதான் உசத்தி. இருபத்துநாலு முறுக்குக்கு விடைகள் எட்டோடு முடிந்துவிடும். கொய்யாப் பழத்துக்கு முடிவே கிடையாது. எது முடியும், எது முடியாது என்று தெரிந்துகொள்வது பெரிய ஞானம் அல்லவா?

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பல விடை உண்டு என்பதற்காக எல்லா விடையும் சரியாகிவிடாது. பதினெட்டு தப்புதான். ஆனால் அதைத் தப்பு என்று காட்டும் வேலையைச் சோழிக்கோ, புளியங்கொட்டைக்கோ விட்டுவிடுங்கள். முக்கியமாக, குழந்தை எதிர்பாராத ஒன்றைச் சொன்னால், வாயில் வருகிற வார்த்தையை ஒரு நிமிஷம் அடக்கிக்கொண்டு, "சொல்லு, கேட்கிறேன்" என்று சொல்லுங்கள்.

போன வாரம் பேத்தியோடு கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். கொய்யாப் பழம் நாலு நாலாகக் கூறு வைத்திருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அவளே எனக்கு ஒரு கணக்குப் போட்டாள்: "பாட்டி, மூணு டஜன் பழத்தைக் காலையில் மூணு மூணா வைக்கிறாங்க. அதில் கொஞ்சம் கூறு வித்துப் போயிடுது. மிச்சத்தை வெயில் ஏறினதும் நாலு நாலா மாத்தினாலும் மீதி வரக்கூடாது. அப்போ காலையில் எத்தனை கூறு வித்திருக்கும்?" விடையை நான் சொல்லப் போவதில்லை. நீங்களே சோழி எடுத்து வைத்துப் பாருங்கள். ஒரு விடையோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள்!

அந்தப் பெண்ணுக்கு இப்பொழுது ஐம்பது வயது கடந்திருக்கும். எங்கே இருக்கிறாளோ, பேரன் பேத்தி எடுத்திருக்கிறாளோ, எனக்குத் தெரியாது. யாராவது படிக்க, இது அவள் காதில் விழுமானால், ஒன்று சொல்ல வேண்டும்.

அம்மா, முப்பத்தாறு சரியான விடைதான். உனக்கு நான் ஐந்து மார்க் தர வேண்டும்.